சாம்பல் கட்டங்கள்

சுரங்க முகாம்,
அருணாசலப் பிரதேசம்
13.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி சுகுமார் எழுதிக்கொள்வது. கை கால் சேதாரமில்லாமல் வந்து சேர்ந்தேன். நீ, அம்மா, நைனா எல்லோரும் சௌக்கியமா? நைனாவின் முட்டி வலி எப்படி இருக்கிறது?

போன் வரவில்லை என்று அம்மா இந்நேரம் தெருவையே கூட்டியிருப்பாள். இங்கே டவர் கிடையாது அக்கா. முகாம் அலுவலகத்தில் ஒரு சாட்டிலைட் போன் இருக்கிறது, அதை அதிகாரிகள் மட்டும்தான் தொடலாம். வியாழக்கிழமை ஒரு ஜீப் மலையிறங்கி டவுனுக்குப் போகும். தபால் அதில்தான் போகும், அதில்தான் வரும். மலை சரிந்தால் அதுவும் இல்லை. லீவு லெட்டருக்கு மேல் எழுதியறியாத என்னைக் கடிதம் எழுத வைத்துவிட்டார்கள். தப்புகளைச் சுழித்துத் திருப்பி அனுப்பிவிடாதே.

மின்சாரம் எடுக்க ஆற்றைத் திருப்பிவிட வேண்டுமாம், அதற்காக மலையைக் குடைகிறார்கள். உள்ளே எந்நேரமும் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும். அதை வெளியே தள்ளும் பம்புகள்தான் என் பொறுப்பு. உங்கள் கம்பெனியின் கன்ட்ரோல் பெட்டிதான் அவற்றை ஓட்டுகிறது. எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று அந்தப் பெட்டியின் மொழியில் நாங்கள் எழுதி ஏற்ற வேண்டும். நீ எழுதிய புத்தகம் ஒன்றே ஒன்று, இன்ஜினியர் அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. எங்களுக்கு ஜெராக்ஸ்.

ஃபோர்மேன் பஞ்சாட்சரம் அண்ணன் வந்தவாசிக்காரர். "இது எங்க அக்கா எழுதுனது" என்றேன். "இன்னாடா கதை வுடற, இது இங்கிலீஷு புக்கு" என்று சிரித்தார். உன் பேர் எந்தப் பக்கத்திலும் இல்லையே, எப்படி நிரூபிப்பேன்?

பதில் போடு.

உன் தம்பி,
சுகுமார்


சாலவாக்கம்
1.7.2024

அன்புத் தம்பி சுகுமாருக்கு,

அக்கா பிரபா எழுதுவது. எல்லோரும் நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று அம்மா தினமும் பிள்ளையாரைத் தொந்தரவு செய்கிறாள். நைனா முட்டியில் துண்டைக் கட்டிக்கொண்டு கழனிக்குப் போய்வருகிறார். சொர்ணவாரி நெல் பால் பிடித்திருக்கிறது.

என் பெயர் புத்தகத்தில் இராது. கம்பெனியின் பெயர்தான் இருக்கும். நான் செய்வது என்னவென்று ஊரில் யாருக்கும் விளங்குவதில்லை. பக்கத்து வீட்டுப் பவளத்திடம் அம்மா சொல்கிறாள்: "எம்பொண்ணு வூட்டுல ஒக்காந்துக்கினே மிஷினுக்குப் பேசக் கத்துக் குடுக்குது." மிஷினுக்கு எங்கே கற்றுக்கொடுக்கிறேன்? அதனிடம் பேச வேண்டிய மனிதர்களுக்குத்தான். அந்த மொழியில் எந்தச் சொல்லை அடுத்து எது வரலாம், எங்கே அடைப்புக்குறி போட வேண்டும், எதை விட்டாலும் பாதகமில்லை என்று ஒவ்வொன்றுக்கும் விதி எழுதுவேன். விதிக்குக் கீழே ஒரு கட்டம் போட்டு அதற்குள் உதாரணம் தருவேன்.

ஒன்றை மட்டும் மறக்காதே. நீ எழுதுவது ஒழுங்கான வாக்கியமா என்றுதான் பெட்டி பார்க்கும். ஒழுங்காக இருந்தால் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்ளும். அதனால் உனக்கு ஆபத்து வருமா என்பது அதற்குத் தெரியாது. ஆகவே விதியைப் படித்துவிட்டு எழுது. பக்கத்து பெஞ்சைப் பார்த்தே பத்தாவது தாண்டியவன் நீ.

அந்த வேலைக்கு ஆள் கேட்டபோது உன் பெயரைச் சொன்னது நான். அம்மா அதை நாளுக்கு ஒரு தரம் எனக்கு ஞாபகப்படுத்துகிறாள். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா பிரபா


சுரங்க முகாம்
18.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகுமார் எழுதுவது. சளியைத் தவிர வேறு குறை இல்லை. அங்கே அறுப்பு எப்போது? நைனா தனியாக மூட்டை தூக்காமல் பார்த்துக்கொள்.

நீ திட்டினாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உன் விதிகளை இங்கே ஒருத்தரும் படிப்பதில்லை. அம்புக்குறியும் அடைப்புமாக அரைப் பக்கம் இருந்தால் எவன் படிப்பான்? எல்லோரும் கட்டத்தைத்தான் பார்க்கிறோம். கட்டத்தில் இருப்பதை அப்படியே எழுதி, பம்பு நம்பரை மட்டும் மாற்றி ஏற்றிவிடுகிறோம். "மேல கீறத வுடு, கட்டத்த மட்டும் பாரு" என்பதுதான் பஞ்சாட்சரம் அண்ணன் எனக்குச் சொன்ன முதல் பாடம்.

போன வாரம் மூணாம் நம்பர் பம்புக்கு நானே எழுதினேன். நாற்பத்தோராம் பக்கத்தில் இரண்டு சாம்பல் கட்டம் இருக்கிறதே, அதில் மேலே இருப்பது சின்னதாக இருந்தது. அதையே எடுத்துக்கொண்டேன். இரண்டு மீட்டருக்கு மேல் தண்ணீர் இருந்தால் ஓட்டு, இல்லையென்றால் நிறுத்து. அவ்வளவுதான். ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் பெட்டி வாங்கிக்கொண்டது. பம்பும் ஜோராக ஓடுகிறது. "உங்கக்கா கெட்டிக்காரிதான்டா" என்றார் அண்ணன். இப்போது நம்பிவிட்டார்.

மழை விட்டபாடில்லை. அம்மாவிடம் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல்.

தம்பி,
சுகுமார்


சாலவாக்கம்
2.8.2024

சுகுமார்,

உன் கடிதம் இன்று காலை வந்தது. இங்கே எல்லோரும் நலம். இதைப் படித்து முடித்ததும் வேறு எந்த வேலையும் பார்க்காதே.

அந்த மேல் கட்டம் தவறு. இப்படி எழுதக்கூடாது என்று காட்டுவதற்காக நான் போட்டது. புத்தகத்தில் அது சிவப்பு, அதற்குக் கீழே இருப்பது பச்சை. முதல் பதிப்பில் ஒவ்வொரு சிவப்புக் கட்டத்தின் கீழும் 'இது தவறு' என்று எழுதியிருந்தேன். பக்கத்தைக் குறைக்க வேண்டுமென்று இரண்டாம் பதிப்பில் அந்த வரிகளை எடுத்துவிட்டார்கள். நிறம்தான் இருக்கிறதே, போதும் என்றார்கள். கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்தால் இரண்டும் ஒரே சாம்பலாகிவிடும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

தண்ணீர் எவ்வளவு என்று சொல்லும் சென்சாரின் வயர் அறுந்துவிட்டால் பெட்டிக்கு ஒரு தகவலும் வராது. இரண்டு மீட்டருக்கு மேல் என்று யாரும் சொல்லவில்லை, ஆகவே நிறுத்து என்று அது பம்பை நிறுத்திவிடும். மணி அடிக்காது. தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும். பச்சைக் கட்டத்தில் கூடுதலாக ஒரு வரி இருக்கும், பார். தகவல் வராவிட்டாலும் ஓடிக்கொண்டே இரு என்று அது சொல்லும். கீழ்க் கட்டத்தில் இருப்பதை முழுசாக எழுதி ஏற்று. மூணாம் பம்பை இன்றே மாற்று. பஞ்சாட்சரம் அண்ணனிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. இன்ஜினியரிடமும் காட்டு.

உத்திரமேரூருக்கு பஸ் பிடித்துப் போய் இதை ஸ்பீடு போஸ்டில் போடப் போகிறேன். அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அக்கா


சாலவாக்கம்
14.8.2024

அன்புத் தம்பிக்கு,

நலமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். உன்னிடமிருந்து பதில் வரவில்லை. தபாலாபீசில் கேட்டால் அந்தப் பக்கம் மலை சரிந்து பாதை அடைபட்டிருக்கிறது என்கிறார்கள். போன கடிதம் கிடைக்காமல் போயிருந்தால்? அதற்காகத்தான் இது. நாற்பத்தோராம் பக்கம், மேல் கட்டம் தவறு. கீழ்க் கட்டத்தை எழுது.

ஆபீசுக்குப் போன் செய்தேன். என் மேனேஜர் வெங்கடேசன் சார் பொறுமையாகக் கேட்டார். "எழுத்துல எதுவும் வேணாம் பிரபா. லீகல்ல பேசிட்டுச் சொல்றேன்" என்றார். ஒரு வாரமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் காண்டிராக்டரின் டெல்லி ஆபீசைப் பிடித்து என் அரைகுறை இந்தியில் கத்தினேன். குறித்துக்கொண்டதாகச் சொன்னார்கள். என்ன குறித்துக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது.

களத்தில் நெல் காய்கிறது. இங்கே ஒரு தூறல் விழுந்தால் அம்மா படுதாவைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். எனக்கு அங்கே மழை பெய்கிறதா என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

ஒரு வரி எழுதிப் போடு.

அக்கா பிரபா


சுரங்க முகாம்
1.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகுமார் எழுதுவது. இங்கே நலம், அங்கே எப்படி? ரொம்ப நாளாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. விதியைப் படிக்க மாட்டோம் என்று சொன்னதற்குக் கோபமா?

ஒரு நல்ல செய்தி. மூணாம் பம்பு ஓடுகிற லட்சணத்தைப் பார்த்து இன்ஜினியர் என் முதுகில் தட்டினார். ஆறு பம்புக்கும் அதே போல எழுதிவிடு என்றார். இரண்டே நாளில் எல்லாவற்றுக்கும் அந்த மேல் கட்டத்தையே போட்டு முடித்துவிட்டேன். பஞ்சாட்சரம் அண்ணன் கேன்டீனில் எனக்கு டபுள் ஆம்லெட் வாங்கிக் கொடுத்தார். அவர் பெண் இளமதி பிளஸ் டூ படிக்கிறதாம். அதையும் உன்னைப் போல மிஷின் படிப்பு படிக்க வைக்கலாமா என்று கேட்கச் சொன்னார். என்ன சொல்லட்டும்?

சுரங்கத்தின் கோடியில் பாறை கொஞ்சம் லூசாக இருக்கிறது, சின்னச் சின்னக் கல்லாக விழுகிறது. பயப்பட ஒன்றுமில்லை. பம்புகள்தான் ஓடுகிறதே.

தம்பி,
சுகுமார்


சாலவாக்கம்
17.8.2024

சுகுமார்,

ஒன்றாம் தேதி நீ எழுதியது நேற்றுக் காலைதான் வந்து சேர்ந்தது. நான் எழுதியது எதுவும் உன் கைக்கு வருவதற்கு முன்னால் எழுதியிருக்கிறாய். ஆறு பம்புக்கும் போட்டுவிட்டேன் என்ற வரியை மூன்று தரம் படித்தேன்.

நீ சுரங்கத்துக்குள் இறங்காதே. ஆறையும் மாற்றும் வரை ஒருவரையும் இறங்க விடாதே. வேலை போனால் போகட்டும், ஊருக்கு வந்துவிடு.

என் முகத்தைப் பார்த்தே நைனாவுக்குத் தெரிந்துவிட்டது. உண்மையைச் சொன்னேன். "நீ எய்தின புக்குதான? நீ சொன்னா எவன் கேக்க மாட்டேங்கிறான்? வா, நான் வர்றேன், போய்க் கேப்போம்" என்று சட்டையை மாட்டிக்கொண்டார். அந்த முட்டியோடு என்னுடன் சென்னை வரை வந்தார். ஆபீஸ் வாசலில் அவரை உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். லீகலில் இன்னும் பேசிக்கொண்டிருப்பதாக வெங்கடேசன் சார் சொன்னார். நான் அவர் எதிரிலேயே உட்கார்ந்து, அந்தப் பெட்டியை வாங்கிய எல்லா இடங்களுக்கும் ஆபீஸ் மெயிலிலிருந்து எழுதினேன். சிவப்புக் கட்டங்கள் இருக்கும் பக்கங்களை வரிசையாகக் குறிப்பிட்டு, அவற்றைப் பார்த்து எழுதியதெல்லாம் ஆபத்து என்று அனுப்பிவிட்டேன். "இன்னா காரியம்மா பண்ணிட்ட!" என்று எழுந்து நின்றுவிட்டார்.

உங்கள் முகாமுக்கும் அந்த மெயில் போயிருக்கும். ஆனால் அங்கே யார் அதைத் திறந்து பார்க்கப் போகிறார்கள்? அந்தப் பயம்தான் இன்னும் போகவில்லை.

அக்கா


சுரங்க முகாம்
29.8.2024

மதிப்புக்குரிய சகோதரி அவர்களுக்கு,

தங்கள் தம்பி சுகுமார் எழுதுவது. நான் நலமாக உள்ளேன். தாங்களும் பெற்றோரும் நலமாக இருக்க இறைவனை வேண்டுகிறேன். தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் கூறியபடி திருத்தங்கள் செய்யப்பட்டன. கவலைப்பட வேண்டியதில்லை. வேலை அதிகமாக உள்ளதால் விரிவாக எழுத இயலவில்லை. அம்மா, அப்பாவுக்கு என் வணக்கங்கள்.

இப்படிக்கு,
சுகுமார்


சாலவாக்கம்
13.9.2024

சுகுமார்,

அது உன் எழுத்தில்லை. 'தாங்கள்' என்று நீ என்னைச் சொன்னதில்லை, நைனாவை அப்பா என்று ஒருநாளும் எழுதியதில்லை. கையெழுத்தும் வேறு யாருடையதோ. அம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் கீறான், இன்னா?" என்றாள். ஆமாம் என்றேன்.

கடிதத்தில் பஞ்சாட்சரம் அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அவர் பேச்சு இல்லாமல் நீ ஒரு கடிதமும் எழுதியதில்லை. எந்தத் தேதியில் என் கடிதம் கிடைத்தது? எத்தனை பம்பை மாற்றினீர்கள்? உன் கைக்கு என்ன?

உயிரோடு இருக்கிறாய் என்று நம்புகிறேன். நம்பாமல் என்னால் இங்கே ஒரு வேலையும் செய்ய முடியவில்லை. எதுவாக இருந்தாலும் சொல். தெரியாமல் இருப்பது அதைவிடப் பெரிய சித்திரவதையாக இருக்கிறது.

அக்கா


சுரங்க முகாம்
3.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகுமார். இடது கையால் எழுதுகிறேன், நிதானமாகப் படி. வலது முன்கை உடைந்து கட்டுப் போட்டிருக்கிறார்கள். மற்றபடி முழுசாக இருக்கிறேன். போன கடிதத்தை முகாம் கிளார்க் எழுதினார். எதையும் சொல்லக்கூடாது என்று நான்தான் அவரைக் கேட்டுக்கொண்டேன். அம்மா படிக்கச் சொல்லிக் கேட்பாள் என்று பயம்.

மேல் கட்டம் தவறு என்று நீ முதலில் எழுதிய கடிதம் ஆகஸ்ட் இருபத்திரண்டு, வியாழக்கிழமை ஜீப்பில் வந்தது. மதியச் சாப்பாட்டுக்கு மேலே வந்திருந்தேன். படித்துவிட்டுச் சாப்பாட்டைப் போட்டுவிட்டு ஓடினேன். அண்ணன் கீழே பம்பறையில் இருந்தார். அவர் சிரிக்கவில்லை, வாக்குவாதமும் பண்ணவில்லை. "படி, சீக்கிரம் படி" என்றார். நான் கீழ்க் கட்டத்தைப் படிக்கப் படிக்க அவர் பெட்டியில் எழுதினார். நாலு பம்பை மாற்றிவிட்டோம். அஞ்சும் ஆறும் சுரங்கத்தின் கோடியில் இருந்தன. அதற்குள் அங்கே பாறை சரிந்து சென்சார் வயரை அறுத்துவிட்டது.

நீ எழுதியபடியேதான் நடந்தது. மணி அடிக்கவில்லை, பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டேயிருந்தது, ரெண்டு பம்பும் நின்றுவிட்டன. கோடியில் பதினோரு பேர் வேலையில் இருந்தார்கள். "நீ அவங்கள இட்டுக்கினு மேல போ, நான் கையால ஸ்டார்ட் பண்ணிட்டு வந்துர்றேன்" என்றார் அண்ணன். ஆறாவது ஓடிய சத்தம் எனக்குக் கேட்டது. ஏணியில் ஆளை ஏற்றும்போதுதான் நான் விழுந்தேன். அந்தப் பதினோரு பேரும் பிழைத்தார்கள். அண்ணன் வரவில்லை. மூன்றாம் நாள்தான் எடுத்தார்கள்.

எழுதியது நான். முதுகில் தட்டு வாங்கியது நான். அவர் போய்விட்டார்.

இன்னொன்று. காண்டிராக்டருக்கு இந்த மலைகளில் வேறு முகாம்களும் இருக்கின்றன. எல்லா இடத்திலும் அதே ஜெராக்ஸ்தான். உன் மெயிலை அச்செடுத்து அனுப்பியிருக்கிறார்கள். போய்வந்த டிரைவர் சொல்கிறார், ஒருத்தரும் மாற்றவில்லையாம். பெட்டிதான் ஏற்றுக்கொண்டதே, பிறகு என்ன தப்பு என்கிறார்களாம். காகிதத்தைப் பார்த்தால் மாற்ற மாட்டார்கள். இந்தக் கட்டுப் போட்ட கையைப் பார்த்தால் மாற்றுவார்கள். என்னைப் போகச் சொல்லிக் கேட்டிருக்கிறார் இன்ஜினியர். போனால் ஒவ்வொரு சுரங்கத்திலும் கடைசிப் பம்பு வரை இறங்கித்தான் பார்க்க வேண்டும். மாற்றாத பம்புகளோடு.

இறங்க எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. தண்ணீர்ச் சத்தம் கேட்டாலே ஏணியைத் தேடுகிறேன். நீ வந்துவிடு என்றால் நாளைக்கே கிளம்பிவிடுவேன். உன் பதில் வரும் வரை இங்கே இருக்கிறேன்.

தம்பி,
சுகுமார்


சாலவாக்கம்
18.10.2024

என் அன்புத் தம்பிக்கு,

உன் கோணல் எழுத்தைப் பார்த்ததும் நடு வாசலில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். கை ஆறிக்கொண்டு வருகிறதா? கட்டு எப்போது பிரிப்பார்கள்? இங்கே நைனாவும் அம்மாவும் நலம். எனக்கு வேலை போய்விட்டது. மெயில் அனுப்பிய வாரமே போய்விட்டது, உன்னிடம் சொல்லத் தோன்றவில்லை. இப்போது நைனாவோடு சம்பாவுக்குக் களை எடுக்கப் போகிறேன்.

நீ எழுதினாய், நீ எழுதினாய் என்று உன்னையே குத்திக்கொள்ளாதே. அந்தக் கட்டத்தை உன் கையில் கொடுத்தது ஒரு புத்தகம். அந்த வரிகளை எடுத்தவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்ல எப்போது கூப்பிட்டாலும் போவேன்.

'உடனே வா' என்று உனக்கு ஒரு கடிதம் எழுதி உறையில் போட்டு ஒட்டியும் விட்டேன். தபாலில் சேர்ப்பதற்கு முன் வந்தவாசிக்குப் போய்வரலாம் என்று தோன்றியது. பஞ்சாட்சரம் அண்ணன் வீட்டைக் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தேன். நான் யாரென்று சொன்னதும் அவர் மனைவி கையைப் பிடித்து உட்கார வைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனேன், திட்டியிருந்தால் தேவலை. இளமதி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டது.

நடந்ததையெல்லாம் சொன்னேன். அந்த அம்மா கடைசி வரை கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "மத்த எடத்துலயும் அதே மாதிரிதான் எய்தி வெச்சிக்கீறாங்களா? அவங்களுக்குச் சொல்ல ஆளு போய்க்கீதாம்மா?"

பையில் உனக்கு எழுதிய உறை இருந்தது. வரும் வழியில் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் நின்று அதைக் கிழித்துப் போட்டேன்.

தீபாவளிக்கு நீ வரமாட்டாய் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டாள், வேலை என்றேன். இறங்குவதற்கு முன் ஒவ்வொரு இடத்திலும் பம்பைக் கையால் ஓட்ட ஒரு ஆளை நிறுத்திவிட்டு இறங்கு. ஆள் தரமாட்டோம் என்றால் இறங்காதே. இது அக்காவின் கட்டளை.

எனக்குப் பயமாக இருக்கிறது சுகுமார். நீ போ.

உன் அக்கா,
பிரபா